விடுவிப்புக் கடிதமும் இரண்டாவது டிஸ்க்கும்

கிளிநொச்சியில் எனக்கு இது ஒன்பதாவது வருடம். மூன்று வருடத்துக்கென்று வந்தவள் நான். கணவரும் மகளும் மட்டக்களப்பில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸை மறித்து ஏறுவேன். ஞாயிறு அதே வழியால் திரும்பி வருவேன். இடமாற்றக் கடிதம் மூன்று தரம் வந்தது. பதிலாள் இல்லை என்று மூன்று தரமும் எங்கள் அதிகாரி என்னை விடவில்லை. அரசாங்க வேலையில் இடமாற்றம் கிடைத்துவிடும். விடுவிப்புக் கடிதம் வாங்குவதுதான் பெரும்பாடு.

காரணம் ஒரு மெஷின். எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் இருக்கும் பழைய யூனிக்ஸ் சேர்வர். குளத்தை நம்பிய குடியேற்றத் திட்டங்களின் காணி அனுமதிப்பத்திரங்கள் எல்லாம் அதில்தான் பதிவு. இடம்பெயர்வுகளில் பத்திரத்தைத் தொலைத்த சனம் வந்து கேட்டால் அதில் தேடித்தான் பிரதி கொடுப்போம். புதிய மெஷின் வருகிறது, வருகிறது என்பார்கள், வராது. அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்ததைப்போல ஒரு விசர்வேலையை நான் வேறு செய்ததில்லை.

நாலாவது கடிதம் வந்த அன்று கதிரையை இழுத்துப்போட்டு அதிகாரியின் முன்னால் இருந்துவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கரைச்சல், வாய்விட்டுச் சண்டை பிடிக்கவும் முடியாது. பேனையை உருட்டிக்கொண்டே சொன்னார்.

“நீங்கள் இல்லாமலும் அந்த மெஷின் எழும்பும் எண்டு எனக்குக் காட்டுங்கோ பிள்ளை. அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்.”

மெஷினில் அதுவரை இருந்தது ஒரே ஒரு டிஸ்க். அது செத்தால் எல்லாம் முடிந்தது. அதே அளவில் இன்னொன்று கேட்டு எழுதினேன். ஐந்து மாதம் கழித்து வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கவே அதைச் செருகினேன். முதலாவது எப்படிப் பிரிக்கப்பட்டிருந்ததோ அப்படியே இரண்டாவதையும் பிரித்து, பகுதி பகுதியாக இரண்டையும் மிரராக இணைத்தேன். அதன் பிறகு ஒன்றில் எழுதுவது அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். பழையது முழுவதும் புதியதற்குப் போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் எடுத்தது. வெள்ளி மத்தியானம் நூறு வீதம் என்று காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிச்சம் இருந்தவை இரண்டு. மெஷினை எழுப்புகிற சின்ன நிரல் ஒன்று உண்டு. அதைப் புது டிஸ்கின் தொடக்கத்தில் எழுத ஒரு வரி அடிக்கவேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எல்லாத் தகவலும் உள்ளே இருக்கும், மெஷின் மட்டும் எழும்பாது. அடுத்தது, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியது தனியே எழும்புகிறதா என்று பார்ப்பது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதிகாரி வாசலில் வந்து நின்று முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கழட்டியும் பாத்தனான் சேர், எழும்புது,” என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவர் கையெழுத்து வைத்தார். விஜயதசமிக்கு மறுநாள் நான் போகலாம்.

திங்கள் வந்தபோது கடிதம் கைப்பையில் இருந்தது. நாலு வருடமாக ஒருமுறைகூட நிறுத்தாத மெஷின். அதை நிறுத்திப் பரிசோதித்து, ஏதும் பிழைத்தால்? நான் அதன் பக்கமே போகவில்லை.

எங்கள் அலுவலகத்தில் நவராத்திரிக்கு வாணி விழா பெரிய எடுப்பு. ஒன்பதாம் நாள் பேரேடு, முத்திரை, தட்டச்சு மெஷின் எல்லாவற்றையும் படத்தின் முன்னால் வைத்துப் பூசை செய்தால், மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத்தான் கையில் எடுப்போம். சேர்வருக்கு மட்டும் ஓய்வு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கவே சந்தனப் பொட்டு வைப்போம். அலுவலக உதவியாளர் ஒருவர் இருக்கிறா, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒவ்வொரு வருடமும் அவா என்னோடு கதைப்பது இதைத்தான்: அதுவும் உழைக்கிற பொருள்தானே மிஸ், ஒரு நாள் ஓய்வு குடுத்தா என்ன? நான் ஏசி அனுப்பிவிடுவேன். இந்த முறை அவா அதிகாரியிடமே கேட்டுவிட்டா.

“இப்பதானே ரெண்டு டிஸ்க் இருக்கு,” என்றார் அவர், சிரித்துக்கொண்டு. “பிறகென்ன பயம்? நிப்பாட்டி விடுங்கோ.”

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். நிறுத்தினேன். மின்விசிறிகள் ஓய்ந்து அந்த அறை அப்படி அமைதியானதை நான் கேட்டதே இல்லை. பூசை நடந்தது. சுண்டலை வாயில் போட்ட நேரத்தில்தான் நினைவு வந்தது. அந்த ஒரு வரி. அடித்தேனா? நூறு வீதம் ஞாபகம் இருந்தது, கண்ணைத் துடைத்தது ஞாபகம் இருந்தது, பஸ் ஞாபகம் இருந்தது. வரியை அடித்த ஞாபகம் மட்டும் இல்லை. மெஷின் ஓடினால் ஒரு நிமிடத்தில் அடித்துவிடலாம். அதுவோ மாலை போட்டு, பொட்டு வைத்து, கும்பத்துக்கு நேரே படுத்திருக்கிறது. விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. அன்று முழுக்க அறைக்கும் வாசலுக்குமாக நடந்து திரிந்தேன். உதவியாளர் நான் பிரிவை நினைத்துக் கவலைப்படுவதாக எண்ணி இன்னொரு கிண்ணம் சுண்டல் தந்தா.

காலையில் கற்பூரம் காட்டி, எல்லோரும் சூழ நிற்க, சுவிட்சைப் போட்டேன். பழைய டிஸ்க் டிக், டிக் என்று தட்டியது, சுழலவில்லை. ஓடியவரை ஓடியிருக்கிறது, ஒருமுறை நின்றதும் செத்துவிட்டது. மெஷின் இரண்டாவது டிஸ்க்கைத் தேடிப் போனது. எழுப்பும் நிரல் அங்கே இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றது. உதவியாளர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா, தன் வாய்தான் இதற்குக் காரணம் என்று.

என் பிழை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். முதலில் எழும்பட்டும் என்று நினைத்தேன். அலுமாரியிலிருந்து நிறுவல் சீடியை எடுத்து, அதிலிருந்து மெஷினை எழுப்பி, இரண்டாவது டிஸ்கில் அந்த ஒரு வரியை அடித்தேன். செத்த டிஸ்க்கைத் தேடவேண்டாம் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு எழும்பியது. ஒரு பத்திரமும் போகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் இல்லாவிட்டால் இன்றைக்கு ஆயிரம் குடும்பத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பிறகு கையை நீட்டினார், அந்தக் கடிதத்துக்காக. இன்னும் ஒரே ஒரு வருடம் என்றார்.

அப்போது சொல்லிவிட்டேன். “சேர், நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். கழட்டிப் பாக்கேல்லை. ஒரு வரி அடிக்க மறந்துபோனன், அதுதான் எழும்பேல்லை. இப்ப அடிச்சாச்சு. இனி நான் இல்லாமலும் எழும்பும்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வீட்டை போறதுக்காக உங்களில நீங்களே பழி போடாதேங்கோ பிள்ளை. உங்களை எனக்குத் தெரியாதோ?”

பொய்யை நம்பிக் கையெழுத்து வைத்த மனிதர் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி மணியை அடித்தார். கைப்பையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதை என் கோப்பில் வைத்துக் கட்டினார்.

வீட்டுக்கு எடுத்தேன். மகள்தான் போனைத் தூக்கினாள். தன் அலுமாரியில் இரண்டு தட்டை எனக்கென்று வெறுமையாக்கி வைத்திருக்கிறாளாம், அது காணுமா, இன்னொரு தட்டும் வேணுமா என்று கேட்டாள். காணும் என்றேன்.