அக்காவின் யன்னலடி வாளி

ஏசி பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். புது ஏசி வாங்க வருகிறவர்களுக்கு நான் ஒரு பிரசங்கம் வைப்பேன். அவர்கள் கேட்டாலும் வைப்பேன், கேட்காவிட்டாலும் வைப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

பிரசங்கம் இதுதான். பழைய கொம்பிரசருக்கு இரண்டு நிலைதான் தெரியும். ஒன்றில் முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கிய காலத்தில், அது தொடங்கும்போது 'டக்' என்று ஒரு உதை உதைக்கும். வீட்டு லைட்டெல்லாம் ஒருமுறை மங்கி எழும்பும். பின்னேரங்களில் கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் குறைந்தால் உதைக்கவும் முடியாமல் முனகும், வயரிங் கருகும். பிறகு சுழல்கிற உருளை வந்தது, அதிர்வு குறைந்தது. இப்போது வருவது இன்வேட்டர். மெல்லத் தொடங்கும். வெக்கை கூடினால் தானாக வேகத்தைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும். லேசில் நிற்காது. சைக்கிள் ஓடுகிறவனுக்கு முதல் மிதிதான் பாரம், ஓட வெளிக்கிட்டால் கால் சும்மா சுற்றும், அதுபோலத்தான். "ஆனபடியால் நிப்பாட்டி நிப்பாட்டிப் போடாதேங்கோ. கதவு யன்னலை இறுக்கிச் சாத்திப்போட்டு அதின்ரை பாட்டிலை ஓட விடுங்கோ" என்று முடிப்பேன்.

கதவு யன்னல் சாத்துவது என்பது நான் கட்டாரில் பத்து வருடம் வேலை செய்தபோது மண்டைக்குள் ஏறிய சட்டம். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவும் நானும் என் மனைவியும் சண்டிலிப்பாயில் எங்கள் பழைய வீட்டில்தான் இருந்தோம். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் கட்டவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டை அவள்தான் தாங்கினாள். போன வருடக் கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, பகல் வெக்கையில் இருக்கக் கூடாது என்று சொன்ன டொக்டர் என் தொழிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிறகென்ன, உங்கடை வீட்டிலையே மருந்து இருக்குது" என்றார். எனக்கு அன்று தலைகால் தெரியாத பெருமை.

மாசி மாதத்தில் அக்காவின் அறையில் ஏசி பூட்டினேன். கடையில் இருந்ததிலேயே நல்லதைத்தான் கொண்டுவந்தேன். வெளிப்பெட்டியை அவளுடைய யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ரப்பர் வைத்து ஏற்றினேன். கொம்பிரசருக்குச் சத்தம் அடக்கத் தடித்த உறை போட்டிருந்தது. ஓடுகிறதா என்று பார்க்கப் பெட்டியின் மேல் கையை வைக்க வேண்டும், அப்படி ஒரு அமைதி. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கேட்டுப் பாருங்கோ அக்கா. சத்தமே இல்லை."

"ஓம், சத்தம் இல்லைத்தான்" என்றாள். அவள் பார்த்தது பெட்டியை அல்ல, நான் இழுத்துச் சாத்தியிருந்த யன்னலை.

அந்த யன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டின் காது அக்காதான். ஆமி முகாமில் ஷெல் குத்தி ஏவுகிற சத்தம் கேட்டால், அது வந்து விழுவதற்குள் சில மூச்சு நேரம் கிடைக்கும். அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் முதல் அக்காவுக்குக் கேட்கும். சோறு குழைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கும். அடுத்த கணம் நான் அவள் இடுப்பில் இருப்பேன், அவள் பங்கர்க் குழிக்கு ஓடிக்கொண்டிருப்பாள். அப்பாகூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் எழும்புவார். மழை பெய்தாலும் அவள் தன் யன்னலைச் சாத்தமாட்டாள், சாத்தினால் கேட்காது. சண்டை முடிந்தது. அக்கா மட்டும் யன்னலைத் திறந்தபடியே வைத்திருந்தாள். அதை நான் ஒரு பழக்கம் என்று நினைத்தேன், சிலர் தலையணையைக் கட்டிப்பிடித்துப் படுப்பதுபோல.

நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவோம். இரவுக்கு மின்விசிறி போதும். பகல் பத்து மணியிலிருந்து ஏசியைப் போட்டுவிட்டு அறைக்குள்ளே இருக்க வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். ஏசியிலிருந்து தண்ணீர் வடிகிற குழாயை யன்னலுக்குக் கீழே இறக்கி, அதனடியில் ஒரு சின்னக் கறுப்பு வாளியை வைத்தேன். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றலாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் கூட. ஒழுங்காக ஓடினால் ஒரு நாளில் அந்த வாளி நிறையும்.

இரண்டு கிழமை கழித்து, ஒருநாள் வேலையால் வந்து வாளியைத் தூக்கினேன். அடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை.

உடுப்புக்கூட மாற்றவில்லை. நேரே அறைக்குள் போனேன். "ஏசி போட்டனீங்களோ?"

"போட்டனான் தம்பி."

"எத்தினை மணிக்கு? வாளி காய்ஞ்சு கிடக்குது. எனக்கே பொய் சொல்லுறியளோ? நான் உந்தத் தொழிலாலை சீவிக்கிறவன்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "யன்னலைச் சாத்தினால் ஒண்டும் கேக்குதில்லை தம்பி. நெஞ்சு அடைக்கிற மாதிரிக் கிடக்குது" என்றாள்.

"என்ன கேக்கவேணும் உங்களுக்கு? சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? இப்பவும் ஷெல்லே விழப்போகுது? விசர்க்கதை கதையாதேங்கோ."

எனக்கு இப்போதும் நாக்கைக் கடிக்க வேண்டும்போல இருக்கிறது. அவள் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளை கேட்பதுபோல ஒன்று கேட்டாள்.

"யன்னலைக் கொஞ்சம் திறந்து வைச்சுக்கொண்டு போடேலாதோ?"

"யன்னலைத் திறந்து வைச்சு ஏசியோ? ஏசி பூட்டுறவன்ரை வீட்டிலையோ? ஆரும் கண்டால் சிரிப்பாங்கள். கொம்பிரசர் கிடந்து சாகும். குளிர் முழுக்க றோட்டுக்குப் போகும்." கடைப் பிரசங்கம் முழுவதையும் திரும்பச் சொன்னேன். கடைசியில், "நான் சொல்லுறதைக் கேட்டு உயிரோடை இருங்கோ, இல்லையெண்டால் உங்கடை விருப்பம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மனைவி குசினிக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் வாளி நிறைந்திருந்தது. அதற்கடுத்த நாளும் நிறைந்திருந்தது. நான் வரும்போது அறை குளிராக இருக்கும், யன்னல் சாத்தியிருக்கும், அக்கா நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பாள். "பாத்தியளோ, இப்ப எவ்வளவு சுகம்?" என்பேன். "ஓம், ஓம்" என்பாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன். கடையில் ஆட்களுக்கு அக்காவின் கதையையும் பிரசங்கத்தோடு சேர்த்துச் சொன்னேன். "என்ரை அக்காவும் முதல் மாட்டன் எண்டவதான். இப்ப ஏசி இல்லாமல் இருக்கமாட்டா."

சித்திரை வெயில் அந்த மாதிரி எரித்த ஒரு பின்னேரம், மூன்று மணியளவில், பக்கத்து வீட்டு மாமி கடைக்குப் போன் எடுத்தார். புளி கேட்டு வந்தவர் அக்காவை நாற்காலியில் கண்டிருக்கிறார். கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏசி நின்றிருந்தது, யன்னல் திறந்திருந்தது. மாமிதான் காற்றுக்காகத் திறந்திருப்பார் என்று நினைத்தேன். அதை யோசிக்கிற நிலையில் நான் இருக்கவும் இல்லை. வெக்கையோ வெக்கை இல்லையோ, இதயம் எப்போதாவது நின்றிருக்கும் என்று டொக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்கு அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள், "நல்லாப் பாத்தாய் தம்பி, ஏசியும் பூட்டிக் குடுத்தாய்" என்றார்கள். நான் தலையாட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் எல்லோரும் போன மறுநாள், கடைக்குப் போக மனம் வரவில்லை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் யன்னலடியில் வாளி காய்ந்து கிடந்தது. எடுத்துக் கவிழ்க்கப் போனவன் உள்ளே பார்த்தேன். கறுப்பு வாளியின் உட்சுவரில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று வட்டங்கள். நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். கேத்தல், பானை, குளியலறைக் குழாய் எல்லாவற்றிலும் வெள்ளை படிய வைக்கும். ஏசித் தண்ணீர் காற்றிலிருந்து வருகிற தண்ணீர். அதில் சுண்ணாம்பு கிடையாது. ஒரு வருடம் நின்றாலும் ஒரு பொட்டு வெள்ளை படியாது. இது எங்கள் தொழிலில் புதிதாக வந்தவனுக்கும் தெரியும். இரண்டு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்த வாளியைத் தூக்கிய எனக்குத் தெரியவில்லை.

கிணற்றுத் தண்ணீர்க் குழாயடியிலிருந்து யன்னலடிக்கு எத்தனை அடி என்று நான் நடந்து அளந்து பார்த்தேன். இருபத்தாறு. பாரம் தூக்கக் கூடாத அக்கா, என் வாய்க்குப் பயந்து, நாளுக்கொரு வாளி தண்ணீரை அவ்வளவு தூரம் சுமந்திருக்கிறாள்.

அப்போதும் எனக்கு நம்ப விருப்பமில்லை. கடையிலிருந்து சோதிக்கும் கருவியைக் கொண்டுவந்து ஏசியின் மின்சுற்றுப் பலகையில் கொழுவினேன். இந்தப் புது மாதிரிகள் கொம்பிரசர் ஓடிய நேரத்தைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ளும். நாட்களால் பிரித்துப் பார்த்தேன். நாளுக்கு முக்கால் மணித்தியாலம்கூட வரவில்லை. வேலிக்கு மேலால் மாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமி, அண்டைக்கு யன்னலைத் திறந்தது நீங்களோ?"

"நான் தொடேல்லையப்பு. அது எப்பவும் திறந்துதானே கிடக்கும். நாலரை ஆனால் அக்கா எழும்பிச் சாத்துவா. 'தம்பி வாற நேரம், குளிரப் பண்ணவேணும்' எண்டுவா."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமி ஒன்றும் விளங்காமல், "அழாதை அப்பு, அழாதை" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

பங்கருக்குள் அக்கா என்னை மடியில் வைத்து என் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளால் பொத்துவாள். விழுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று. அவள் காதைப் பொத்த ஆள் இல்லை. அவள் பொத்தவும் விடமாட்டாள், அடுத்தது எப்போது குத்துகிறான் என்று அவள்தானே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு என்னை உயிரோடு வைத்திருந்தவளிடம்தான் "விசர்க்கதை" என்றேன். என்ன கேட்கவேண்டும் உங்களுக்கு என்று கேட்டேன்.

பிறகு அன்று மத்தியானமே ஒரு வேலை செய்தேன். அக்காவின் அறைக்குள் போய் யன்னலின் ஒரு கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து கம்பியில் கட்டினேன். ஏசியைப் போட்டேன். வெளியே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தேன். மெல்லத் தொடங்கியது. யன்னலால் வெக்கை உள்ளே வர வர, கைக்குக் கீழே அதன் வேகம் படிப்படியாகக் கூடுவது தெரிந்தது. உதைக்கவில்லை, முனகவில்லை. கூடிய வேகத்திலேயே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதுபோல அது கிடந்து சாகவில்லை. பாரம் கூடினால் கூடத் தாங்குவதற்கென்றுதானே அதைச் செய்திருக்கிறார்கள். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அரை மணித்தியாலம் கழித்து அக்காவின் நாற்காலியில் போய் இருந்தேன். நடுங்குகிற குளிர் இல்லை. ஆனால் வேர்வை அடங்கிவிட்டது, நெஞ்சு லேசாக இருந்தது. அவளுக்கு அது போதும். யன்னல் இடைவெளியால் புகையிலைத் தோட்டத்தில் இறைக்கிற மோட்டார் கேட்டது. ஒரு சைக்கிள் மணி கேட்டது. மாமியின் கேற் திறந்து மூடியது, இரண்டு காகங்கள் சண்டை பிடித்தன. அக்கா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். கரண்ட் கொஞ்சம் கூடப் போயிருக்கும். ஆரும் கண்டால் சிரித்திருப்பார்கள்.

நான் அங்கேயே இருந்தேன். வெளியே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஈரக்காற்று உள்ளே வருவதால் கொஞ்சம் கெதியாகவே சொட்டியது. பொழுதுபடுவதற்குள் வாளி நிறைந்துவிட்டது, ஒருவரும் தூக்கிக்கொண்டு வராமலே.