மூன்றாம் ஓலை

செபஸ்தியம்மாள் அடம்பிடித்து வாங்கியவை இவை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கும் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ். தெருமுனைக்கு ஒரு குழாய். அதற்காகக் காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது, கூட வந்தவர்கள் மத்தியானத்துக்குள் எழுந்து போய்விட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. குடித்தே செத்துப்போன புருஷன் பேரில் கிடந்த வீட்டுமனைக்குத் தன் பேரில் பட்டா. கல்லறைத் தோட்டத்தில் அந்தப் புருஷனுக்கே ஒரு சிலுவைக் கல். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்த பங்குக் கோவிலின் சிறைப்பணிக் குழுவில் ஓர் இடம்.

எல்லாம் கைநாட்டு வைத்து வாங்கியது. அந்தக் கைநாட்டும் லேசில் விழாது. குழிச் சுண்ணாம்பு அரித்து அரித்து அவள் பெருவிரலில் ரேகையே இல்லை. மையில் அழுத்தி வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டுதான் விழும். "என்னம்மா இது, திருஷ்டிப் பூசணிக்காய்க்கு வெச்ச பொட்டு மாதிரி?" என்று தாலுகா ஆபீசில் ஒருவர் கேட்டார். "நீங்க போட்டிருக்கிற செருப்புக்குத் தோல் ஊறவெச்ச வெரலுய்யா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவளுடைய அண்ணன் பெலிக்ஸ், பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர், பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடக் கோடையில் குழு புது வேலை ஒன்றை எடுத்தது. அதுவரை மாதம் ஒருமுறை மதுரை ஜெயிலுக்குப் போய், ஜெபம் சொல்லி, சோப்பும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வருவதோடு சரி. "உள்ள இருக்கிறவங்களைப் பார்க்கிறோம். வெளியே வந்து திக்குத் தெரியாம நிக்கிறவங்களை யாரு பார்க்கிறது?" என்றார் குழுத் தலைவி வினோலியா டீச்சர். பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒருவரை வீடு சேர்க்க வேண்டும். குழுவுக்கு டீச்சர் ஒரு கட்டளையும் வைத்திருந்தார். பூசையில் மன்றாடும்போது பேர் சொல்லி மன்றாட வேண்டும். ஜெயிலில் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் முன்னிலையிலாவது அவர்களுக்குப் பேர் இருக்கட்டும். செபஸ்தியம்மாளுக்கு இது மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அவள் பங்குக்கு வந்தவர் ஞானராஜ், ஆத்தூர்க்காரர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சித்தப்பா மகனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு, வாலிபத்தை ஜெயிலிலேயே கழித்தவர். ஜெயில் வாசலில் அவரை அழைத்துப்போக வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. கோவிலுக்குப் பின்னால் சப்பரம் நிறுத்தும் கொட்டகையில் அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். வரும்போதே இருமிக்கொண்டுதான் வந்தார்.

செபஸ்தியம்மாள் ஆத்தூருக்கு பஸ் ஏறினாள். ஞானராஜின் மனைவி புஷ்பமேரி அவளை உள்ளே கூப்பிடவில்லை. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை.

"அந்தாளு செத்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லித்தான்க்கா என் மக ஷைனிக்குப் பேசி முடிச்சிருக்கு. நெலக்கோட்டை மாப்பிள்ளை, பூ வியாபாரம். ஒரு ஓலை வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டுதேன்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்களின் பேரையும் பெற்றோரின் பேரையும் உபதேசியார் வாசிப்பதுதான் ஓலை. தடை இருந்தால் யாரும் சொல்லலாம்.

"அவ தாலியோட அந்த வீடு போய்ச் சேரட்டும். பெறகு இந்த வாசல்ல வந்து யாரு நின்னாலும் நான் வெரட்ட மாட்டேன்."

"நெசமாச் சொல்றியா?"

"பின்வாசலா வரச் சொல்லு. மாவாட்டவாச்சும் ஒரு ஆளு ஆகட்டும்."

கொட்டகைக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னதும் ஞானராஜ் சப்பரத்தின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் செத்தது எந்த வருசமாம் தங்கச்சி?"

"அதைக் கேக்கலண்ணே."

"கேட்டுட்டு வந்திருக்கலாம்ல. வருசப் பூசைக்கு நானும் ஒரு மெழுகுவத்தி வாங்குவேன்." சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

காத்திருந்த நாட்களில் அவள் தூக்குச்சட்டியில் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோவாள். அவள் விரலைப் பார்த்துவிட்டு அவர் செங்கல் துண்டால் கொட்டகைத் தரையில் அவள் பேரை எழுதிக் காட்டினார். எழுத்து ஜெயிலில் கற்றது. "இம்புட்டு நீளமாவா எனக்குப் பேரு வெச்சாங்க? எனக்கு எதுக்குண்ணே இந்த வயசுல?" என்று அவள் சட்டியைக் கழுவப் போய்விடுவாள். மறுநாள் வந்தால் எழுத்து இன்னும் பெரிதாக இருக்கும்.

மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் அவர் ஒன்று கேட்டார். "பின்னால உக்காந்து எம் மக பேரை வாசிக்கிறதைக் கேட்டுட்டு வந்துர்றேன். நரைச்ச தாடியும் மொட்டையுமா இருக்கேன், என்னை யாருக்குத் தெரியப்போகுது?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆத்தூர் கோவிலில் அவரைக் கடைசித் தூணோரம் உட்காரவைத்துவிட்டு, அவள் பெண்கள் பக்கம் போனாள். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பூசை பார்த்து, பெண் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். நிலக்கோட்டையிலிருந்து வேன் வந்திருந்தது. முன்வரிசைப் பெண்கள் தலையிலெல்லாம் மல்லிகை.

பிரசங்கம் முடிந்து உபதேசியார் வாசித்தார். "காலஞ்சென்ற ஞானராஜ், புஷ்பமேரி ஆகியோரின் மகள் ஷைனி..."

செபஸ்தியம்மாள் திரும்பிப் பார்த்தாள். தன் பேருக்கு முன்னால் வந்த அந்தச் சொல்லுக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. மனுஷர்கள் நம்பினால் நம்பட்டும். ஆண்டவர் காதில் இப்படி விழலாமா? மன்றாட்டு நேரம் வந்தது. யாரும் எழுந்து சொல்லலாம். ஊர் சொல்லக் கூடாது, உறவு சொல்லக் கூடாது, பேர் மட்டும் சொன்னால் போதும், நாட்டில் எத்தனை ஞானராஜ் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஜெயில்லருந்து உசுரோட வெளிய வந்திருக்கிற எங்க ஞானராஜ், பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

சனங்கள் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வாய் திறந்து நிறுத்திவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் முழுசாக வந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஜெயிலுக்குப் போகும்வரை இந்த ஊர்ச் சப்பரத்துக்கு முன்னால் நடந்து ஜெபமாலை சொன்ன குரல் அது. ஊருக்குத் தாடி தெரியவில்லை, குரல் தெரிந்துவிட்டது. "ஏலே, நம்ம ஞானராஜ்ல!" என்றார் ஒரு பெரியவர்.

ஊராரிடம் முழுக் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடவில்லை. வேன் படியில் காலை வைத்த மாப்பிள்ளையின் தாய் புஷ்பமேரியைப் பார்த்துச் சொன்னாள்: "கொலைன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்போம். உசுரோட இருக்கிற மனுசனுக்கு மண்ணு தள்ளுன வீட்டுல எப்படிம்மா பொண்ணெடுக்கிறது?"

ஷைனி தலையிலிருந்த பூவை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தாள். தகப்பன் நின்ற பக்கம் திரும்பவில்லை. புஷ்பமேரி செபஸ்தியம்மாளின் எதிரே வந்து நின்றாள். "எம் மக கழுத்துத் தாலியை அறுத்து என் கழுத்துல கட்டிவிட்டுட்டியேக்கா. நல்லா இரு."

திரும்பும்போது பஸ்ஸில் ஞானராஜ் அவளை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மறுநாள் அவள் சோற்றோடு போனால் கொட்டகையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. தரையில் அவள் பேர் மட்டும் கிடந்தது.

வினோலியா டீச்சர் அழுதார். "நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே நீங்க செஞ்சீங்க?"

"நீங்க சொன்னது சரிதேன் டீச்சர். எந்தக் கோவில்ல நிக்கிறோம்னு நாந்தேன் பாக்கல."

ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் யாரோ பார்த்ததாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். "இருமிக்கிட்டே இருந்தாரே, அவருங்களா?" என்றார் தோப்புக்காரர். "பழம் எடுக்கிற எடத்துல இப்படி இருமுனா ஆகாதுன்னு அனுப்பிட்டோமுங்க." எந்தப் பக்கம் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் தேடவில்லை. ஷாப் விட்டு வரும்போது கொட்டகைக்குப் போவாள். அவர் எழுதிவைத்த எழுத்தின் மேலேயே செங்கலால் எழுதுவாள். அவர் எழுத்து தேய்ந்து போய், கடைசியில் அவளுடைய கோணல் எழுத்துதான் மிஞ்சியது.

ஜூன் பிறந்து பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. ஞானராஜுக்குக் காசநோய். சொந்தம் யார் என்று கேட்டதற்கு, "தோல் ஷாப் செபஸ்தியம்மா, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இறந்திருக்கிறார். அவள் முதலில் ஆத்தூருக்குத்தான் ஓடினாள். புஷ்பமேரி கதவைப் பாதிதான் திறந்தாள். "எம் புருசன் செத்து எம்புட்டோ வருசமாச்சு. ஊருக்கே தெரியும்." கதவைச் சாத்திவிட்டாள்.

அண்ணன் பெலிக்ஸ் கடையை அடைத்துவிட்டுக் கூட வந்தார். பிணவறை ஊழியர் நோட்டை நீட்டினார். அவள் பழக்கத்தில் பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். கறுப்புப் பொட்டு விழுந்தது.

"ரேகை விழலையேம்மா. இதை வெச்சு பாடி குடுக்க முடியாது. வேற யாராச்சும் இருக்கீங்களா?"

"தள்ளுத்தா, நான் போடுறேன்" என்றார் பெலிக்ஸ்.

"நீ எதுக்கு? பேரைச் சொல்லிக் கூப்புட்டது நான்."

பேனாவை வாங்கினாள். செங்கல் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெலிக்ஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்கள். கட்டத்தை விட்டுப் பக்கத்துக் கட்டத்துக்கும் போனது அவளுடைய நீளப் பேர். எழுதி முடித்ததும் ஊழியர் தேதியையும் போடச் சொன்னார். எண் அவளுக்குத் தெரியும்.

9.6.2001.