பெனிட்டோ வளர்த்த நத்தை

பெனிட்டோவுக்கு கண்டெய்னர் யார்டில் சீல் போடுகிற வேலை. பெட்டியின் கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாளில் சீலை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த லாரிக்குப் போவான். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. ராயபுரத்தில் என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிறான். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி ரீட்டா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

"ஒரு நாய் வளக்கலாம் இல்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பகலெல்லாம் டூட்டி. அத்த யாரு பாக்கறது? பாவம் மாமு."

இப்படி இருந்தவன் போன மழைக்காலத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டான். கண்ணாடிக்குள் செடி வைத்து மூடிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரமே ஏறி இறங்கி, தண்ணீர் ஊற்றாமலே எல்லாம் பிழைத்துக்கொள்ளுமாம். அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் பன் போட்டுவைக்கும் பெரிய பாட்டிலைக் கெஞ்சி வாங்கினான். அடியில் கூழாங்கல், அதன்மேல் இஸ்திரி வண்டியில் வாங்கிய கரி, அப்புறம் மண். பாத்ரூம் சுவர்ப் பாசியைக் கத்தியால் வழித்தெடுத்தான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு மதிலோரம் ஒரு பெரணிச் செடியும் இரண்டு மரவட்டையும் சுண்டுவிரல் நகமளவு நத்தையும் கிடைத்தன. எல்லாவற்றையும் குடியேற்றி மூடியை இறுக்கினான்.

"இதுக்கும் சீல் போட்டுடு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "வூட்டுக்கு வந்தா உசுரோட எதுனா ஒண்ணு இருக்கணும் மாமு. அவ்ளோதான்."

இருந்தது. காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும். சாயங்காலம் நத்தை மேலே ஏறும். டிவியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். யார்டில் அன்று எந்த டிரைவர் சண்டை போட்டான் என்பதைக்கூட அதனிடம் சொல்வான். எனக்கு மாடியில் கேட்கும்.

கோடை வெயில் ஏறியதும் நத்தை ஓட்டுக்குள் போய், வாயை வெள்ளைத் தோலால் அடைத்துக்கொண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சூடு தாங்காமல் தூங்குகிறது, தானே எழும் என்று சொன்னேன். அவன் காதில் ஏறினால்தானே.

மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துத் தரும் உப்பு பெனிட்டோ மாதிரி கிறிஸ்தவர்கள் வீடுகளில் எப்போதும் இருக்கும். புது வீடு என்றால் நாலு மூலையிலும் போடுவார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். பெனிட்டோ மூடியைத் திறந்து இரண்டையும் செய்தான். வட்டமான பாட்டிலில் நாலு மூலையை எங்கே கண்டானோ தெரியாது. கரைத்த தண்ணீரை நத்தையின் மேலேயே சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறான்.

காலையில் என்னைக் கூப்பிட்டான். ஓட்டின் வாயில் நுரை காய்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"சின்ன வயசுல செவுத்து நத்தைக்கு உப்பு போட்டு வெளாண்டவன்தானே நீ? உப்பு பட்டா சாவும்னு தெரியாது?"

"தெரியும்" என்றான். "ஆனா இது அந்த உப்பு இல்ல மாமு. மந்திரிச்சது."

என் கோபம் அடங்கவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"தண்ணி பட்டதும் முழிச்சிகிச்சு" என்றான். "கொம்ப நீட்டி என்ன பாத்துச்சு. ரீட்டா வாய்லயும் இதான் ஊத்தனேன். அவளும் இப்டிதான், கொஞ்ச நேரம் கண்ண தொறந்து பாத்தா. எழுந்துட்டான்னு நெனச்சிகினேன்."

டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் எழவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.