கூப்பிடுகிற சுண்டுவிரல்

சுதைவேலை செய்கிற உங்களுக்குத் தெரியாததல்ல: முகத்தைப் பகலில் பூசிவிடலாம், கையை ராத்திரியில்தான் பூசவேண்டும், வெயில் பட்டால் சுண்ணாம்பு சட்டென்று காய்ந்து விரலெல்லாம் வெடித்துவிடும். திருத்தணி ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று தெருவெல்லாம் சத்தமாய்க் கிடந்த நாட்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகே நான் விரல் பூச உட்காருவேன்.

படித்த இடம்

எனக்குக் குரு கிடையாது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பாழடைந்த கோபுரத்தில் ஏறி, யாரோ பழைய ஸ்தபதி செய்துவைத்த கைகளைத் தடவித் தடவிக் கற்றேன். அருள்கிற கைக்கு எவ்வளவு குழிவு, அடிக்கிற கைக்கு எவ்வளவு நரம்பு, எல்லாம் அவர் போட்ட பிச்சை. அவர் செய்த கைகளில் சுண்டுவிரல் மட்டும் உள்ளே வளைந்திருக்கும், யாரையோ கூப்பிடுவதுபோல.

நான் முதலில் செய்த கையிலும் அதே வளைவு. சுண்ணாம்பு அரைக்கிற கங்கம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது உங்க கை இல்ல மேஸ்திரி. அந்தாளு உங்க கையில பூந்துகினாரு.”

காவல்வீரன்

ஒரு விவசாயி வயலோரக் கோயிலுக்குக் காவல்வீரன் கேட்டார். விரல்களை வேண்டுமென்றே நேராக வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது சுண்டுவிரல் வளைந்திருந்தது. ஈரத்தில் தொய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விவசாயி வெகுநேரம் அதையே பார்த்தார். “எங்க நைனா சாவுற அன்னிக்கு இப்பிடித்தான் என்னக் கூப்புட்டுகினே இருந்தாரு. இத ஒடச்சிடுங்க.”

என் கை

பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் அம்மன் சிலை கேட்டு வந்தபோது காவல்வீரன் கதையும் கூடவே வந்திருந்தது. “அந்த வெரலு வந்துச்சுன்னா கண் தெறக்க உடமாட்டோம்” என்றார் அவர்களுடைய பெரியவர். கண் திறக்காத அம்மன் வெறும் சுண்ணாம்பு. அதைவிட, சாவதற்குள் என்னுடையது என்று ஒரு கையாவது செய்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

கோபுரத்துப் பக்கமே போகவில்லை. விளக்கடியில் என் இடதுகையை வைத்து, ரேகை முதல் பூச்சுக் கரணை கிழித்த தழும்புவரை பார்த்துப் பார்த்துப் பூசினேன்.

காலையில் வந்தவர்கள் அம்மனின் வளைந்த சுண்டுவிரலைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். “சாமி சத்தியமா என் கையப் பாத்துத்தாங்க செஞ்சேன்!” என்று கத்தினேன்.

பெரியவர் என் இடதுகையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “வெரல நீட்டுங்க மேஸ்திரி.”

“நீட்டிகினுதாங்க இருக்கேன்.”

அவர் மெதுவாகக் கையை விட்டார். “அப்போ சிலைமேல தப்பு இல்ல. கண்ணத் தெறந்துடுங்க.”

குரு யார் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை, இடதுகையை நீட்டிக் காட்டிவிடுகிறேன்.