அத்தை பாடிய வேகம்

சிவப்பு வர்ணத்தில் பெருக்கல் குறி போட்ட ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்வாசலில் துவைக்கிற கல்மேல் கிடந்த காட்சிதான், என் மாமனாரை நினைத்தால் முதலில் வருகிறது. பக்கத்தில் மாமா சுத்தியலோடு நின்றிருந்தார். இசைத்தட்டைச் செருகும் நடுத்தண்டை ஒரே போடாகப் போட்டு வளைத்துவிட்டு, வேலை முடிந்த நிம்மதியோடு கை கழுவப் போனார். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. அடக் கடவுளே, எந்த மாதிரி வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று மலைத்துப்போய் நின்றேன்.

என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். மாமா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அங்கே அளவில் தேறாத உருப்படிக்குச் சிவப்பு வர்ணம் பூசுவதோடு விடமாட்டார்களாம். தப்பித்தவறி நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று அதை உடைத்தும் போட வேண்டுமாம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பிடி ஆடிய தோசைத் திருப்பியும், நேரம் தப்பிய அலாரம் கடிகாரமும் ஏற்கெனவே இப்படிப் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தப் பிளேயர் செய்த குற்றம், கொஞ்சம் மெதுவாக ஓடியது. புள்ளிகள் அச்சிட்ட வட்டக் காகிதம் ஒன்றை அதன்மேல் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சுழலவிட்டுப் பார்ப்பார். வேகம் சரியென்றால் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். இதில் அவை பின்னால் நகர்ந்தன. மாமாவுக்கு அது போதும்.

இத்தனைக்கும் அவருக்கு இயந்திரப் பித்தெல்லாம் இல்லை. எல்லாம் ஒரு சின்ன இசைத்தட்டுக்காக. என் மாமியார் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடியவர். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. அந்தக் குழு ஒருமுறை தட்டு வெளியிட்டபோது அதில் ஒரு மாதா பாட்டை அத்தை தனியாகப் பாடியிருந்தார். அவர் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான். அது தேயாமல், பிசகாமல் காலத்துக்கும் ஒலிக்க வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. "ஒரு கேசட்டுல பதிஞ்சு வெச்சிடலாமே மாமா" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "பிசகான பெட்டியில இருந்து பதிஞ்சா பிசகுதானம்மா பதியும்? மொதல்ல பெட்டி சரியா இருக்கணும்" என்றார். தூத்துக்குடிப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை.

பூந்தமல்லியில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவர், தனக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த, இசைத்தட்டு சுழற்றும் வெளிநாட்டு டர்ன்டேபிள் ஒன்றைப் பார்க்கக் கொடுத்தார். உட்கார்ந்து சாப்பிடலாம் போல அகலமான அலுமினியத் தட்டு, அடியில் ஸ்பிரிங் கால்கள், மோட்டாரைத் தனியே ஒதுக்கி வைத்து ஒரு ரப்பர் பெல்ட்டால் சுற்றும் அமைப்பு. மோட்டாரின் அதிர்வு ஊசிக்குப் போகாது என்று மாமா வடிவமைப்பைப் பாராட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை அடுத்த அறையில் அம்மியில் சட்னி அரைக்கச் சொன்னார். அதிர்வுச் சோதனையாம்! நான் அரைத்தால் ஊசி சும்மா இருந்தது, நடந்தால் குதித்தது. "கொஞ்சம் பைய நடயேன்" என்று என்மேலேயே குறை. நான் என்ன யானையா?

கடைசியில் அத்தையின் தட்டைப் போட்டார். பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கிவிட்டார். "இது அவ இல்ல. கீச்சுன்னு வேற எவளோ பாடுதா." புள்ளிகளோ அசையாமல் நின்றன. அப்படியென்றால் ஆவடி வெயிலில் பெல்ட் இளகி ஓட்டம் ஒரு சீராக இல்லாமல் இருக்க வேண்டும், அதை நம்ப முடியாது என்று முடிவு கட்டினார். மைக் செட்காரர் மறுநாளே வந்து, "நைனா, சுத்திய எடுத்துறாத! இது என் பொருளு" என்று இயந்திரத்தைக் கட்டி அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷம் துபாயிலிருந்து என் கொழுந்தனார் லீவில் வந்தபோது ஜப்பான் டர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். இதில் பெல்ட்டே கிடையாது. மோட்டார்மேலேயே தட்டு நேராக உட்காரும். விளிம்பில் புள்ளிகள், அதைப் பார்க்கத் தனி விளக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு தள்ளுகுமிழ். மாமா நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். மதியச் சூட்டிலும் புள்ளி நகரவில்லை. நான் வேண்டுமென்றே தொம் தொம்மென்று நடந்தேன், ஊசி குதிக்கவில்லை. "தங்கமான மிஷின்" என்று வாய்விட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு தட்டைப் போட்டார். அதே கீச்சுக் குரல்.

அன்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இயந்திரத்தில் குறையே இல்லை, அதில் அத்தை மட்டும் இல்லை. மைக் செட்காரரை வரவழைத்தார். அவர் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தட்டுலயே கோளாறு இருக்கும் நைனா. பாட்டப் புடிச்ச அன்னிக்கி டேப்பு மெதுவா ஓடிக்கினு இருந்துச்சோ இன்னாவோ. அதான் சரியான வேகத்துல போட்டா குரலு ஏறிக்கினு வருது. பழைய பொட்டி மெதுவா ஓடிச்சின்னு சொன்னியே? ரெண்டு தப்பும் சேந்து அதுல நல்லா கேட்டுகினு இருந்துச்சு."

மாமா உடைத்துக் காயலாங்கடைக்குப் போட்ட அந்தப் பெட்டியில்தான் அத்தை அத்தையாகப் பாடியிருக்கிறார்.

குமிழைத் தள்ளி வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது என்று கொழுந்தனார் சுலபமாகச் சொன்னார். குறைத்தோம். "இதான் அம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "போண்ணே, அம்மா குரல் இன்னும் கீழ" என்றார் தம்பி. அவர் தள்ள, இவர் இழுக்க, நடுவில் பாட்டு நெளிந்தது. "ஏலே, நிறுத்துங்கலே" என்று மாமா அதட்டினார். "மொதல்ல அவ குரல் எனக்குத் தெரிஞ்சுது. உங்க சண்டையில அதுவும் போச்சு." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். எந்தப் புள்ளியும் இனி அவருக்கு உதவாது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "நீ வையி."

"நான் அத்தையைப் பார்த்ததுகூட இல்லையே மாமா?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். செஞ்சவன் செஞ்சத அவனே சோதிக்கக் கூடாதுன்னு எங்க தொழிற்சாலையில சட்டம். வேறாள்தான் பாக்கணும். எங்க மூணு பேருக்கும் இதுல பாசம் இருக்கு. நீதான் வேறாள்."

குமிழை மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில், வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம், அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே பாடுகிற ஒருத்தியுடையது போல எனக்குத் தோன்றியது. நிறுத்தினேன். மாமா பாட்டு முழுவதையும் கேட்டார். "சரி. இங்கனயே இருக்கட்டும்" என்றார். எழுந்து போய் வெகுநேரம் முகம் கழுவினார். அது அத்தை என்பதால் சரி என்றாரா, அலுத்துப்போய்ச் சரி என்றாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில வருஷங்களில் அவரும் போய்விட்டார்.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் அந்த ஜப்பான் மிஷின் இன்னமும் ஓடுகிறது. ஊசியைத் தவிர எதையும் மாற்றியதில்லை. மிஷினைப் பொறுத்தவரை மாமாவின் கணக்குத் தப்பவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்போது இப்போதெல்லாம் சண்டை கிடையாது. "அம்மா அப்படியே இருக்கா இல்ல?" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் நினைவிலிருந்த குரல் எங்கே போயிற்றென்று எனக்குத்தான் குழப்பம்.

வீட்டில் யாரும் இல்லாத மதியங்களில் குமிழைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கிறேன். தள்ளுகிற இடத்திலெல்லாம் வேறொருத்தி பாடுகிறாள். அன்று ஒருத்தியை உள்ளே விட்டு மற்றவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அவர்களில் யார் என் அத்தையோ, தெரியவில்லை.