முழங்கால் உயரக் கோடு

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பீரோவுக்குப் பெயிண்ட் அடித்தவர். முப்பத்தொரு வருடம் ஒரே கம்பெனி. அடித்து முடித்த பீரோவின் மேல் நகத்தை ஓட்டினால் போதும், தகடு எந்த இடத்தில் நெளிந்திருந்தது, எங்கே பட்டி வைத்து நிரப்பி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். இவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே நகத்தால் பார்ப்பார்.

கம்பெனியில் அவருக்குக் கடல்காரர் என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை, சரக்குக் கணக்கெடுப்புக்காகக் கம்பெனியைப் பத்து நாள் மூடுவார்கள். எப்போதும் அதே மாதம், அதே பத்து நாள். பெயிண்ட் புகை நெஞ்சில் ஏறி ஓயாமல் இருமிக்கொண்டிருந்தவரை, கல்யாணமான மறு வருடம், டாக்டர்தான் கடல்காற்று வாங்கிவிட்டு வரச் சொன்னார். அந்தப் பத்து நாளும் இருமல் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும், வேலையை விட்டபின் அங்கேதான் வீடு என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பத்து நாள் கடலுக்குப் போனார்கள். திரும்பி வந்து மீதி மாதங்களெல்லாம் கடலைப் பற்றியே பேசினார்.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவர்களோடு வந்து சேர்ந்தேன். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இஸ்திரி போடும் சூடு எங்கள் தரைக்கு ஏறும். அக்கா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போனாள். நான் தையல்கடைக்குப் பட்டன் துளை தைத்துக் கொடுத்தேன்.

கடலோரத்தில் வீடு வாங்க வழியில்லை. அதனால் ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால், கடன் போட்டு ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். அதில் குடிபோகவில்லை, வாடகைக்கு விட்டார்கள். வாடகை கடனைக் கட்டும், ஊர் வளர்ந்து வீட்டை வந்து தொடும், அப்போது விற்றுவிட்டுக் கடலுக்குப் போகலாம். இதுதான் அத்தானின் கணக்கு. எங்கள் அறையின் கூரை ஒழுகும்போதெல்லாம் அக்கா வாளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வாள்: "சொந்த வீட்டுல யாரோ காலை நீட்டித் தூங்கறாங்க. நாம வாளிக்கு இடம் விட்டுப் படுக்கறோம்." அத்தான் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அப்போது சிரிக்க முடிந்தது.

ஆனால் கணக்கு தப்பவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் பஸ் அந்த வீட்டைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்தது, கடைகள் வந்தன. அத்தான் ஓய்வு பெற்ற வருடம் வீடு நல்ல விலைக்குப் போனது.

கடலோர வீட்டைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம். கம்பெனியை விட்டபிறகும் அத்தான் தேர்ந்தெடுத்தது அதே பத்து நாளைத்தான். வேறு நாளில் கடலுக்குப் போகலாம் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடல் தூரத்தில் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்த ஜன்னல். சுவரெல்லாம் வெளிர்நீலம். நாங்கள் பயந்த விலையை விடக் குறைவாகவே சொன்னார்கள். தரகர் ஜன்னலைத் திறந்து காட்டினார். அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

அத்தான் சுவரோரமாக நடந்தார். கை தொங்கியபடி இருந்தது. நகம் சுவரில் ஓடியது. முழங்காலுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் நின்றது. குனிந்து, மறுபடி அதே உயரத்தில் நகத்தை ஓட்டிக்கொண்டு மூலை வரை போனார். முகம் மாறியது. பிறகு ஜன்னலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"ஒண்ணுமில்ல. பெயிண்ட் புதுசு."

நான் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

குடிபோன ஐந்தாவது மாதம் மழை பிடித்து, காற்று திசை மாறியது. முதலில் சமையலறைச் சாக்கடைக் குழாய் வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது. சாக்கைச் சுருட்டி அடைத்தோம். மத்தியானம் வாசல் வழியாகவே வந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்புகள் மிதந்து அறைக்கு அறை போயின. துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் குடியிருந்த வலைக்காரர் வீட்டுக்கு ஓடினோம். அவர் எங்களை உட்காரவைத்து, துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். "வருஷத்துல பத்து நாள்தான் அது உங்க கடல். மிச்ச நாளெல்லாம் எங்களோடது. வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார். குத்திக்காட்டிச் சொன்ன மாதிரி இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியது. நீலச் சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே, நூல் பிடித்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு. அன்று அத்தானின் நகம் போன அதே வழி. அக்கா துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அத்தானுக்கு இருமல் திரும்ப வந்தது.

திரும்பிப் போக எங்களுக்கு ஊரில் ஒன்றும் இல்லை. சலவைக்கடை அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். வேறு அறைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்கவும் வழியில்லை, பணமெல்லாம் இந்தச் சுவரில்தான் இருந்தது. அடுத்த மழைக்குள் இதை விற்றாக வேண்டும். தரகரைக் கூப்பிட்டோம். அவர் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, விற்பதாக இருந்தால் கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில்தான் விற்க முடியும் என்றார். அத்தானின் தோளில் தட்டி, "உங்களுக்கா சொல்லித் தரணும்? பீரோவை மினுக்கின கைதானே," என்றார்.

அத்தான் பத்து நாள் வேலை செய்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, சுவர் முழுக்க மூன்று கை நீலம் அடித்தார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் நான் யாரும் இல்லாத நேரத்தில் என் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

அமைதியான மாதத்தில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் ஏதோ பாலத்தில் கட்டணம் வசூலிக்கும் சாவடியில் இருந்தவர், சாவடிப் புகை போதும் என்றார். அந்த அம்மா நேராக ஜன்னலுக்குப் போனாள். அக்கா நின்ற அதே இடம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் பேசி முடிந்தது. தரகர் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது அந்தச் சாவடிக்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்து, தடவிக்கொடுப்பதுபோலத் தடவினார். "பதினெட்டு வருஷம் காத்திருந்தோம். வருஷா வருஷம் இவளுக்கு லீவு கிடைச்சது இந்த மாசம்தான். இந்தக் கடலுக்கு ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல," என்றார்.

அத்தான் எழுந்து உள்ளே போனார். பட்டி பூசும் தகட்டோடு வந்தார். சாவடிக்காரரின் காலடியில் உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் சுவரைச் சுரண்டினார். நீலம் உதிர்ந்தது, வெள்ளைப் பட்டி உதிர்ந்தது. அடியில் பழுப்பு தெரிந்தது.

"தண்ணி இதுவரைக்கும் வரும்," என்றார். "மழை மாசத்துல வந்து பாத்துட்டு அப்புறம் வாங்குங்க."

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா விடுவித்துக்கொண்டாள். தரகர் பேனாவை மூடிய சத்தம் கேட்டது. வந்த மூவரும் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அக்கா காத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"வீடு பாக்க வந்த அன்னிக்கும் இந்தச் சுவத்த நகத்தால தடவினீங்கல்ல?"

அத்தான் தகட்டைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

"ஊரான் வந்தா சுரண்டிக் காட்டறீங்க. எனக்கு மட்டும் மூடி வெச்சீங்க."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"இருபத்துமூணு வருஷம் ஆச்சு. நீ ஜன்னல்ல நின்ன. எப்படிச் சொல்லுவேன்?"

அக்கா கீழே உதிர்ந்து கிடந்த நீலத்தூளைக் கூட்டினாள். அன்று நானும் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை.

அதன்பிறகு வீடு பார்க்க யாரும் வரவில்லை. தரகர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. சுரண்டிய இடத்தை அத்தான் மூடவில்லை, அக்கா மூடச் சொல்லவும் இல்லை. அவள் தினமும் காலையில் வாசலிலிருந்து அலை தொடும் இடம்வரை காலடி வைத்து எண்ணுகிறாள். குடிவந்தபோது தொண்ணூறுக்கு மேல் இருந்தது. இன்று அறுபத்தாறு.

காற்று திரும்பத் தொடங்கிவிட்டது. இன்று மத்தியானம் அத்தான் செங்கல் சுமந்து வந்து கட்டிலை உயர்த்தினார். காலுக்கு இரண்டு கல் வைத்துவிட்டு, இருமியபடி நிமிர்ந்தார். அக்கா சுவரில் இருந்த கோட்டையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு கல்லு வைங்க," என்றாள்.

வைத்தார்.