தேர்ச் சோறு மூன்று வாளி

அன்றைக்கு விடிய என் மூன்று மாடுகளும் அசை போடவில்லை.

நான் வேலணைக்குப் பக்கத்தில் சுருவில் என்ற ஊரில் இருக்கிறேன். கணவர் இடுப்பு முறிந்து படுத்த பிறகு, காணியில் ஒரு துண்டை விற்று வாங்கிய மாடுகள் அவை. பால் வண்டிக்கு ஊற்றினால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஆனால் வெயில் காலத்தில் புல் இல்லை. பால் காசெல்லாம் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்குமே போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதற்கு முதல் நாள் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தேர். அன்னதானச் சோறு மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை மாட்டுக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் புண்ணியம். மற்றவர்கள் ஒரு பிடி வைப்பார்கள். நான் பேராசைக்காரி, மூன்று வாளி கொண்டுவந்து கொட்டினேன். அம்மாளே தீன் தந்துவிட்டாள், இனிப் பாலுக்குக் குறைவில்லை என்று அப்படியொரு சந்தோஷம்!

விடிந்து பார்த்தால் மூன்றுக்கும் இடப்பக்க வயிறு வீங்கியிருக்கிறது. அவற்றில் மூத்தவள் சிவப்பி படுத்துவிட்டாள், பல்லை நறுநறுவென்று கடிக்கிறாள். மிருக வைத்தியருக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன், பதில் இல்லை. உள்ளேயிருந்து கணவர், "என்னப்பா நடந்தது? சொல்லுமன்!" என்று கத்துகிறார். அவரால் எழும்பி வர ஏலாது.

பயத்தில் அம்மாளோடு சண்டை பிடித்தேன். "உன்ரை சோறுதானே வைச்சனான்! பறிக்கிறதெண்டால் என்னத்துக்குத் தந்தனி?" பிறகு மண்ணில் விழுந்து அழுதேன். "எணை அம்மாளாச்சி, பிழை என்னிலைதான். இந்த வாயில்லாச் சீவனுகளைக் காப்பாத்தித் தாவணை."

படலையில் சைக்கிள் மணி கேட்டது. முன்பின் தெரியாத ஒருவர். வேலணையில் கால்நடைப் பகுதியில் வேலை செய்பவராம், தேருக்கு வந்து தங்கை வீட்டில் தங்கியிருந்தார்.

"தங்கச்சி, நேற்று நீர் சோத்து வாளி கொண்டு போகேக்கை கண்டனான். மாட்டுக்கோ எண்டு கேக்கிறதுக்கிடையிலை சனத்துக்குள்ளை உம்மைத் தவற விட்டிட்டன். மனம் கேக்கேல்லை, விசாரிச்சுக்கொண்டு வந்தனான்."

மாடுகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "ஐயோ, எவ்வளவு வைச்சனீர்?"

"மூண்டு வாளி, அண்ணை."

"விசரே உமக்கு? சோறு வயித்துக்கை புளிச்சுப்போச்சு. அப்பச்சோடா இருக்கோ? ஓடும்!"

குசினிக்கு ஓடினேன். அப்பமாவில் போடும் அந்தச் சோடாத்தூளைத் தண்ணீரில் கரைத்து, போத்தலால் மெல்ல மெல்லப் பருக்கினோம். மற்ற இரண்டையும் மெல்ல நடக்க வைத்தோம். சிவப்பி மட்டும் எழும்பவில்லை. ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சோ என்று பார்த்தபடியே இருந்தேன். பொழுது சாயப் பெரிய ஏப்பம் ஒன்று விட்டாள். அந்த நாற்றம் எனக்குக் கற்பூர வாசமாக இருந்தது! பிறகு தள்ளாடி எழும்பினாள்.

பால் பழையபடி வரப் பல கிழமை எடுத்தது. அந்த அண்ணை சொன்னபடி, கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடமெல்லாம் புல் நட்டேன். தீன் வாங்குவது பாதியாய்க் குறைந்தது. இப்போது பால் காசில் கணவருக்கு மருந்தும் வாங்கி, கொஞ்சம் மிச்சமும் பிடிக்கிறேன்.

இந்த வருடமும் சோறு மிஞ்சியது. "அக்கா, வாளி எங்கை?" என்று கேட்டார்கள். ஒரு பிடி மட்டும் வாங்கிவந்து மூன்றுக்கும் பங்கிட்டேன். அசை போடும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பயம் இன்னும் விட்டபாடில்லை.

உங்களுக்கும் ஏலாத நேரம் வரும். அப்போது அம்மாளைக் கூப்பிடுங்கள். சண்டை பிடித்தாலும் கோபிக்க மாட்டாள். நான் கூப்பிட்டது அன்று காலைதான். அவளோ முதல் நாளே, நான் வாளியைத் தூக்கியபோதே, ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டாள்.